நாபோத்தின் தோட்டமும் லெம்பா ஆறும்



நாபோத்தின் திராட்சைத் தோட்டத்திற்கு ஆகாபு அரசன் நல்ல விலையே பேசினான். நாபோத்து மறுத்தார். அது மூதாதையர் வழிவந்த உரிமைச் சொத்து. விற்கும் பொருள் அல்ல. அந்த மறுப்புக்காக அவர் கல்லெறிந்து கொல்லப்பட்டார்.

மத்திய அமெரிக்காவின் சிறிய நாடான எல் சால்வதோரிலும் இதே கேள்வி எழுந்தது. அந்நாட்டின் குடிநீருக்கு முதன்மை ஆதாரம் லெம்பா ஆறு. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் தங்கம் எடுக்கக் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று வந்தது. பாறையிலிருந்து தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு பயன்படுத்துவார்கள். தங்கள் தண்ணீர் நஞ்சாகும் என்று சிற்றூர் மக்கள் எதிர்த்தார்கள். ஆயர்களும் அவர்களோடு நின்றார்கள். 2009-இல் போராளிகள் சிலர் கொல்லப்பட்டார்கள். அனுமதி கிடைக்காத நிறுவனம் அந்நாட்டின்மீதே பன்னாட்டு வழக்குத் தொடர்ந்து, 2016-இல் தோற்றது. 2017 மார்ச் 29 அன்று எல் சால்வதோர் உலோகச் சுரங்கத் தொழிலை முழுவதும் தடை செய்தது. உலகில் முதன்முதலாக அவ்வாறு செய்த நாடு அதுவே.

ஆனால் 2024 டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் தடையை நீக்கியது. ஆயர்களும் மக்களும் மீண்டும் குரல் எழுப்பினார்கள்.

தூய குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் கற்பித்தார். அந்த உரிமையை ஒருமுறை வென்றுவிட்டு ஓய முடியாது. நம் நீர்நிலைக்கு ஒருவர் விலை பேசும் நாளில் நாபோத்தைத் தனியே நிற்க விடுவோமா? இந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் சேர்ந்து சிந்திப்போம். ஆமென்.