காசநோயும் வீட்டுச் சிகிச்சையும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"செல்வ நாடுகளில் அளிக்கும் சிகிச்சை ஒன்று; நமக்குக் கிடைப்பது வேறொன்று. ஆகவே நம்முடையது தாழ்ந்ததுதானே?" என்று கிராமங்களில் பலர் வினவுகின்றனர். இதற்குப் பொதுவாக விடை கூறுதல் அரிது. ஒரு நோயை எடுத்துக்கொண்டு ஆராய்வோமாயின் உண்மை விளங்கும். க்ஷயம் என்று நம் முன்னோர் அஞ்சிய காசநோயையே எடுத்துக்கொள்வோம்.

இந்நோய்க்குரிய கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1882 ஆம் ஆண்டில் கண்டறிந்தார். எனினும், அக்கிருமியைக் கொல்லும் மருந்து மேலும் அறுபது ஆண்டுகள் வரை கிட்டவில்லை. அக்காலத்தில் மேலைநாடுகளில் சானடோரியம் எனப்படும் மருத்துவ விடுதிகளே நோயாளிகளின் புகலிடமாக விளங்கின. சுவிட்சர்லாந்திலுள்ள டாவோஸ் போன்ற மலையூர்களில் அவர்கள் மாதக்கணக்கில் தங்கினர். தூய காற்று, நல்லுணவு, முழு ஓய்வு ஆகிய மூன்றுமே சிகிச்சை. நம் தாம்பரத்திலும் 1928 இல் டாக்டர் சௌரி முத்து இத்தகைய விடுதி ஒன்றை நிறுவினார்.

பின்னர் 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952 இல் ஐசோனியசிட்டும் பயனுக்கு வந்தன. மருந்து வந்த பின்னரும், நோயாளியை விடுதியில் இருத்தியே அதனை அளித்தல் வேண்டும் என்பது மேலைநாடுகளின் நியதியாக இருந்தது. நம் நாட்டிலோ நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தனர். படுக்கைகள் ஆயிரக்கணக்கிலேயே இருந்தன. அந்நியதியைப் பின்பற்றினால் பெரும்பாலோர்க்குச் சிகிச்சையே இல்லை என்று ஆகியிருக்கும்.

இச்சிக்கலைத் தீர்க்கும் பொருட்டு 1956 இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. சென்னை அரசாங்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம் ஆகியவை இதில் ஒன்றுசேர்ந்தன. நகரின் ஏழை நோயாளிகள் 193 பேர் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு சாரார் ஓராண்டு சானடோரியத்தில் தங்கினர். மற்றவர் தம் வீட்டிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் மருந்து ஒன்றே. வீட்டிலிருந்தோர் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அவர்களுக்குக் கிடைத்த உணவும் ஓய்வும் குறைவு.

முடிவு 1959 இல் வெளியாயிற்று. இரு சாராரும் ஏறக்குறைய ஒத்த அளவிலேயே குணமடைந்திருந்தனர். வீட்டில் உடனிருந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் மிகுதியாகப் பரவியதா என்று ஐந்தாண்டுகள் கவனித்தனர், பரவவில்லை. ஏழை நாட்டின் தேவையால் பிறந்த இம்முறை உலகெங்கும் ஏற்கப்பட்டது. செல்வ நாடுகளிலும் சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டன.

ஆகவே வேறுபட்ட சிகிச்சை யாவும் தாழ்ந்த சிகிச்சை ஆகிவிடாது. நோயாளி குணமாகின்றாரா என்பதே அளவுகோல். அதே வேளையில், நம் முறை எதுவாயினும் நன்றே என்று வாளாவிருத்தலும் தகாது. நம் நாட்டில் 1997 முதல் நடைபெற்ற அரசுத் திட்டத்தில் வாரத்திற்கு மூன்று நாட்களே மாத்திரை வழங்கப்பட்டது. நாள்தோறும் உண்பதே சிறந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2010 இல் பரிந்துரைத்தது. நாம் அதற்கு முழுமையாக மாறியது 2017 இல்தான். மேலானது தெளிவானபின் மாறுவதில் தாமதம் கூடாது.

நல்லுணவு வேண்டுவதில்லை என்றும் கருதிவிட வேண்டாம். ஜார்க்கண்டில் நடைபெற்று 2023 இல் வெளியான ஆய்வொன்றில், நோயாளியின் குடும்பத்தாருக்கும் சத்துணவு வழங்கியபோது அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. மருந்து கிருமியைக் கொல்லும்; உணவோ உடலுக்கு எதிர்ப்பாற்றலைத் தரும்.

வீட்டுச் சிகிச்சையின் வெற்றிக்கு ஒரு நிபந்தனை உண்டு. சென்னை ஆய்வில் நோயாளி மருந்தை உண்கின்றாரா என்பதை ஊழியர்கள் திடீரென வீட்டிற்குச் சென்று சோதித்தனர். இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். இரண்டாம் மாதத்திலேயே இருமல் தணிந்து உடல் தேறிவிடுகின்றது. "குணமாகிவிட்டது" என்று பலர் மாத்திரையை நிறுத்துவது அப்போதுதான். எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாக மாறக்கூடும். பின்னர் சிகிச்சை நீண்டதும் கடினமானதும் ஆகும்.

விடுதியில் தாதி செய்த வேலையை ஊரில் செய்ய வேண்டியவர் யார்? நாமேதான். இரண்டு வாரத்திற்கு மேல் இருமுவோரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பரிசோதனையும் மருந்தும் அரசு நிலையங்களில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் உணவுக்கென மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டம் 2018 இல் தொடங்கியது. 2024 நவம்பர் முதல் அத்தொகை 1,000 ரூபாய் ஆயிற்று. உரியவர் வங்கிக் கணக்கில் அது சேர்கின்றதா என்று விசாரியுங்கள். கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் வெளியூர் செல்வோர் இருப்பின், சேருமிடத்தில் மருந்து தொடர்ந்து கிடைக்கச் சுகாதார நிலையத்தின் வாயிலாக ஏற்பாடு செய்யுங்கள். நோயுற்றவரை ஒதுக்காதீர்கள். ஒதுக்கப்படுவோம் என அஞ்சுபவர் நோயை மறைப்பார். மறைத்த நோயே ஊரில் பரவும்.

காசநோயற்ற ஊராட்சிகளைத் தேர்ந்தெடுத்துப் பாராட்டும் திட்டத்தை மத்திய அரசு 2023 இல் அறிவித்தது. பாராட்டு வருக, அதனினும் பெரிது, மருந்தைத் தொடங்கிய ஒவ்வொருவரும் அதனை முடிப்பது. உங்கள் ஊராட்சியில் இன்று யார் யார் மருந்து உண்கின்றனர் என்பதை அறிந்து கொள்வதே முதற்பணி. அப்பணியைத் தாழ்த்தாது தொடங்குமாறு வேண்டி அமைகின்றேன்.