இல்லத்துள் நிகழும் கொடுமையும் காவல் நிலைய முறையீடும்
(திருவண்ணாமலையில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியப் பொருளொன்றைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசியார் என்னைப் பணித்திருந்தார். அதனை விடுத்து, நாம் வாய்திறவாத பொருளொன்றை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. சென்ற பௌர்ணமியன்று கிரிவலம் முடித்து வந்த பழைய மாணவி ஒருத்தி, என் வீட்டுத் திண்ணையில் நெடுநேரம் வாளாவிருந்து, "ஐயா, இருபது ஆண்டுக்குப் பின் சொன்னால் போலீசார் கேட்பார்களா?" என்று வினவினாள். கொடுமை இழைத்தவன் அயலான் அல்லன். ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கிய உறவினன். அந்நாளில் அவள் வகுப்பிலே திடீரென்று பேச்சற்றுப் போனதை யான் கண்டேன். கண்டும், சோம்பல் என்று கடிந்துகொண்டேன். (இவ்வளவு கூறுதற்கே அவள் இசைந்தாள். இன்னாள் என்று ஒருவரும் வினவற்க.)

அவள் வினாவுக்கு விடை தேடப் புகுந்தேன். சென்னையில் இளமையைக் கழித்துப் பின் கனடாவில் குடியேறிய விஞ்ஞானியார் ஒருவர், சிறுவயதில் உறவினர் ஒருவரால் தாம் உற்ற துன்பத்தை ஐம்பது வயது கடந்தபின் முறையிட முயன்றார். அவர் தம் பெயரைத் தாமே வெளியிட்டவர். எனினும் அதனை ஈண்டு யான் கூறேன். அவரது வேண்டுகோள் அந்நாள் மத்திய அமைச்சர் மேனகா காந்தி அவர்களை எட்டியது. போக்சோ சட்டத்தில் முறையீட்டுக்குக் காலவரம்பு ஏதும் குறிக்கப்படவில்லை என்று சட்ட அமைச்சகம் 2018 அக்டோபரில் தெளிவுறுத்தியது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பர் 14ஆம் நாள். அதற்கு முற்பட்ட குற்றங்கள் பழைய தண்டனைச் சட்டத்தின்பாற் படும். அவற்றுள்ளும் மூன்றாண்டுக்கு மேற்பட்ட சிறைக்குரியவற்றுக்குக் காலத்தடை இல்லை. ஆதலின் சிறு குற்றங்கள் சில தள்ளுபடியாகலாம்; பெருங்குற்றம் தள்ளுபடியாகாது.

இனி, இன்று குழந்தையாய் இருப்பாரைக் குறித்து. குழந்தையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துச் செல்வதோ என்று தாய்மார் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் வேண்டுவதில்லை. குழந்தையின் இல்லத்திலேனும் அது விரும்பும் இடத்திலேனும் வாக்குமூலம் பெறல் வேண்டும். கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியே பெறுதல் வேண்டும். அவர் சீருடையில் வருதல் கூடாது. நம்பிக்கைக்குரிய ஒருவர் உடனிருக்கலாம். எக்காரணத்தாலும் இரவில் குழந்தையை நிலையத்தில் வைத்தல் ஆகாது. குழந்தையின் பெயரைப் பத்திரிகைகள் வெளியிடுதலும் குற்றம். 1098 என்னும் தொலைபேசி எண்ணில் பள்ளிப் பிள்ளையே பேசலாம். ஆண்பிள்ளைக்கும் இச்சட்டம் காவலாகும். இதனை நம்மவருள் பலர் அறியார்.

குடும்ப மானம் என்பர் சிலர். 2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு, பதின்மூன்று மாநிலங்களில் 12,447 குழந்தைகளை வினவியது. நம் மாநிலம் அதிற் சேரவில்லை. கொடுமை இழைத்தோருள் பாதிப்பேர் குழந்தை அறிந்தவர், நம்பியவர் என்று அது கண்டது. மானத்தைக் கெடுத்தவன் வீட்டிலிருக்க, அதனைக் காக்கும் சுமையைப் பத்து வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றுதல் எந்த நியாயம்?

இங்கே சங்கத்துப் பெரியோர்க்கு ஒன்று கூறுவேன், சினவற்க. இருதரப்பாரையும் கூட்டிவைத்து, குற்றவாளியைக் காலில் விழச்செய்து, வழக்கு வேண்டாமென்று முடித்துவைப்பது நம்மிடையே உண்டு. நிலத் தகராற்றுக்கு அது பொருந்தலாம். இக்குற்றத்தை அறிந்தும் அறிவியாதிருப்பவர்க்கு ஆறு திங்கள் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது 21ஆம் பிரிவு. சமாதானம் பேசிய நாமே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும். ஆசிரியனுக்கும் அவ்விதியே, யான் விலக்கல்லேன். நெருங்கிய உறவினன் செய்தது தண்டனையைக் குறைப்பதன்று. சட்டம் அதனை மிகைப்பட்ட குற்றமாகவே வகுத்துள்ளது.

அம்மாணவி தன் மனுவைத் தானே நான்கு பக்கத்தில் எழுதி, பிழை பார்க்குமாறு என்னிடம் நீட்டினாள். ஒற்றுப்பிழை இரண்டு இருந்தன. யான் அவற்றைத் தொடவில்லை. குற்றம் எவ்வூரில் நிகழ்ந்ததாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் அதனைப் பதிதல் வேண்டும் என்பதும், முதல் தகவல் அறிக்கையின் படி ஒன்றைக் கட்டணமின்றித் தருதல் வேண்டும் என்பதும் அவளுக்குச் சொன்னேன். வரும் திங்கட்கிழமை காலை மகளிர் காவல் நிலையத்துக்குச் செல்கின்றாள். பள்ளிக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். யானும் உடன் செல்கின்றேன்.