இலக்கம் ஒன்று, ஆள் வேறு



2004 டிசம்பர் 26. கடல் வந்து போன சில மணி நேரத்தில் கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆண் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். இடிபாடுகளுக்குள் கிடந்த பிள்ளை. யாருடைய பிள்ளை என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. அன்று அங்கே சேர்க்கப்பட்ட 81ஆவது ஆள் என்பதால் பதிவில் 81 என்று விழுந்தது. உலகப் பத்திரிகைகள் அதையே பிள்ளைக்குப் பெயராக்கிவிட்டன. ஒன்பது தாய்மார் உரிமை கோருகிறார்கள் என்று செய்தி பரவியது. நீதிமன்றப் படியேறியது ஒரு தம்பதிதான். மரபணுச் சோதனை நடந்து, 2005 பெப்ரவரியில் முடிவு வந்த பிறகே பிள்ளை பெற்றவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

81 என்பது வரிசையில் ஓர் இடம். பிள்ளை யார் என்ற கேள்விக்கு இரத்தம் அல்லவா பதில் சொல்ல வேண்டியிருந்தது!

மட்டக்களப்பு வாவியின் தென்கோடியில் நடந்த அந்தச் சம்பவத்துக்கும், இருபது வருடம் கழித்து 2025 மே மாதம் லினக்ஸ் உலகத்துக்குத் தலையிடி கொடுத்த ஒரு பிழைக்கும் முடிச்சு ஒன்றுதான்.

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளைப் பாடநூல் பணிசெயல் முறைமை என்கிறது, பிள்ளைகள் ஓ.எஸ். என்கிறார்கள்; லினக்ஸ் அப்படி ஒன்று. அதன் நடுவில் இருந்து எல்லாவற்றுக்கும் இடமும் நேரமும் பங்கிட்டுக் கொடுப்பது கேர்னல். வாவிக்கரையில் வலையை உலரப் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்கிறவரின் ஆண்ட்ரொயிட் போனுக்குள்ளும் லினக்ஸ் கேர்னல்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதை போனில் நடந்தது அல்ல. உபுண்டு, ஃபெடோரா, ரெட் ஹேட் ஆகிய லினக்ஸ் வகைகள் ஓடும் கணினிகளில் நடந்தது.

ஒரு நிரல் ஓடத் தொடங்கினால் அது ஒரு புரோசஸ். கேர்னல் அதற்கு ஓர் இலக்கம் கொடுக்கிறது. நெடுங்காலம் அந்த இலக்கத்தின் எல்லை 32,768 ஆக இருந்தது. 64 பிட் கணினியில் 41 இலட்சத்து 94 ஆயிரத்து 304 வரை உயர்த்தலாம். எப்படியும் ஒருநாள் எண் தீரும். தீர்ந்ததும் கேர்னல் 300க்குத் திரும்பி வந்து, செத்துப்போன புரோசஸ்கள் விட்டுப்போன இலக்கங்களைப் புதியவற்றுக்குக் கொடுக்கத் தொடங்கிவிடும். ஆஸ்பத்திரி வார்டில் 12ஆம் கட்டில்காரர் வீட்டுக்குப் போனதும் அடுத்தவரைப் படுக்க வைக்கிற மாதிரி.

இனி, புரோசஸ் நடுவழியில் விழுந்தால்? தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கைவைத்தால் கேர்னல் 11ஆம் இலக்கச் சமிக்ஞையை அனுப்பி அதன் கதையை முடித்துவிடும். முடிக்கும்போது, ஏன் விழுந்தது என்று பிறகு ஆராய வசதியாக, அதன் நினைவகத்தை அப்படியே ஒரு பிரதி எடுக்கும். இதன் பெயர் கோர் டம்ப். முந்தைய கணினிகளின் நினைவகம் கம்பிகளில் கோத்த சின்னஞ்சிறு காந்த வளையங்களால் ஆனது. அந்த வளையத்துக்குக் கோர் என்று பெயர். 1970களில் வளையங்கள் வழக்கொழிந்தன, பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் இதற்கு இன்னும் நிலைத்த சொல் இல்லை. காரைதீவில் 1892இல் பிறந்து, 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகளின் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது நல்ல வேலை.

பிரதியைக் கேர்னல் தானே வைத்துக்கொள்வதில்லை. உபுண்டுவில் அப்போர்ட் என்றொரு நிரலுக்கும், ஃபெடோராவிலும் ரெட் ஹேட்டிலும் சிஸ்டம்டி கோர்டம்ப் என்றொரு நிரலுக்கும் குழாய் வழியாக ஊற்றிவிடுகிறது. கூடவே, "விழுந்தது இந்த இலக்கம்" என்று ஒரு தகவல். உதவிக்கு வந்த நிரல் அந்த இலக்கத்தை வைத்துக்கொண்டு, இது யாருடைய புரோசஸ், பிரதியை யார் பார்க்கலாம் என்று விசாரிக்கும். குழி இருந்தது இந்த விசாரணையில்தான்.

12ஆம் கட்டில்காரரின் சாமான் பையை உறவினரிடம் கொடுக்க ஊழியர் வருகிறார். அதற்குள் பழைய ஆள் போய், புது ஆள் படுத்துவிட்டார். ஊழியர் கட்டிலைப் பார்த்துப் பேர் கேட்கிறார். பையைப் புது ஆளின் வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். அவரிடம் ஒரு பொய்யும் சொல்லப்படவில்லை. ஆனாலும் பை கைமாறிவிட்டது.

குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2025 மே 29 அன்று வெளியிட்டது கிட்டத்தட்ட இதைத்தான். கடவுச்சொல் சரிதானா என்று பார்க்கும் சிறு நிரல் ஒன்று கணினியில் உச்ச அதிகாரத்துடன் ஓடும். எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களும் உருக்குலைத்த வடிவில் அதன் நினைவகத்துக்குள் வந்து போகும். சாதாரணப் பயனர் ஒருவர் அதை வேண்டுமென்றே விழுத்துகிறார். விழுந்த கையோடு, அதே இலக்கம் தன் கைக்கு வரும்வரை புதுப் புரோசஸ்களை மளமளவென்று பிறப்பிக்கிறார். உதவி நிரல் விசாரிக்கும் நேரத்தில் அந்த இலக்கத்தில் இருப்பது அவருடைய அப்பாவிப் புரோசஸ். "ஓ, இது இவருடையது" என்று பிரதி அவருக்குத் திறக்கிறது. அப்போர்ட்டில் தந்திரம் சற்று வேறு: விழுந்தது ஒரு கண்டெய்னருக்குள், அதாவது கணினிக்குள்ளேயே அடைத்து வைத்த ஒரு தனி அறைக்குள், இருந்தது என்று நம்ப வைத்து, பிரதியை அதற்குள் அனுப்ப வைத்தார்கள்.

பயப்படும் அளவுக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாக்குபவருக்கு அந்தக் கணினியில் ஏற்கெனவே கணக்கு இருக்க வேண்டும். ஆபத்து மதிப்பு 10க்கு 4.7. உலகம் கவிழவில்லை. ஆனால் பலர் ஒரே கணினியைப் பகிரும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அது சும்மா விடக்கூடிய விஷயமும் அல்ல.

உடனடி மருந்து எளிது: உயர் அதிகாரம் கொண்ட நிரல்கள் விழுந்தால் பிரதியே எடுக்காதே என்று ஒரு மதிப்பைப் பூச்சியமாக்கினால் போதும். கட்டிலை மாற்றத் தெரியாதவர் பையை எரித்துவிடுகிற வைத்தியம். அந்த நிரல்கள் ஏன் விழுந்தன என்று பிறகு யாருக்கும் தெரியாது.

வேர் வரைக்கும் போனவர் கேர்னல் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிறிஸ்டியன் பிரவுனர். 2019இலேயே அவர் பிட்எஃப்டி என்ற ஏற்பாட்டைக் கேர்னலுக்குள் கொண்டுவந்திருந்தார். இலக்கத்தைச் சொல்வதற்குப் பதிலாகப் புரோசஸையே கையில் பிடித்துக் கொடுப்பது அது. புரோசஸ் செத்தாலும் பிடி அதன்மீதுதான் இருக்கும். அதே இலக்கத்தில் வேறொன்று பிறந்தால் பிடி அதற்குத் தாவாது. 2025 ஜூலை 27 அன்று வெளிவந்த லினக்ஸ் 6.16இல், விழுந்த புரோசஸின் பிடியை உதவி நிரலுக்கு நேரடியாகக் கொடுக்க வழி செய்தார். பழைய பதிப்புகளுக்கும் அதே திருத்தம் போனது. ஊழியர் இனிக் கட்டிலைப் பார்ப்பதில்லை. ஆளின் கையைப் பிடித்தபடியே பேர் கேட்கிறார். ஆள் போய்விட்டிருந்தால் பிடியே அதைச் சொல்லிவிடும்; பையைப் பூட்டி வைக்கிறார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பிடிக்கும் கேர்னல் ஓர் இலக்கம்தான் கொடுக்கிறது; எப்போதும் 3. ஆனால் அந்த 3 உதவி நிரலின் உள்ளங்கைக்குள் மட்டும் செல்லுபடியாகும். வெளியே வரிசையில் நிற்கிற எவரும் எத்தனை முறை பிறந்து வந்தாலும் அந்த 3ஐ வாங்கிவிட முடியாது.