கால்பாய் தட்டிய கதவு



நடுராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் இன்று நமக்கு நெஞ்சு பதறும். பாகாலா ரயில்வே காலனியில் நான் பிள்ளையாக இருந்தபோது அந்தச் சத்தத்தில் திரும்பிப் படுத்துக்கொள்வோம். தட்டுகிறவர் கால்பாய், வேலைக்கு அழைக்க வரும் பையன். பெயர்தான் பாய், வயது ஐம்பது இருக்கும். ஒரு கையில் அரிக்கேன் விளக்கு, கக்கத்தில் கால்புக் என்ற நீள நோட்டு. எந்த வண்டி, எத்தனை மணிக்கு ஷெட்டில் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். என் தாத்தா கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவர் அடுத்த வீட்டுக்கு நகர்வார். பாட்டி அதற்குள் அடுப்பை மூட்டியிருப்பாள். தாத்தா ஃபயர்மேன். வீட்டிலும் ஷெட்டிலும் ஒரே நேரத்தில் நெருப்பு பிடிக்கும்.

அந்த ஷெட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம் பக்கம் ரயில் வந்த கதை இங்கே பலருக்கும் தெரியும். மெட்ராஸ் ரயில்வேயின் அகலப் பாதை அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா வழியாக வடமேற்கே போய் 1871-இல் ராய்ச்சூரைத் தொட்டது. பிறகு தென்னிந்திய ரயில்வே, 1891-வாக்கில், விழுப்புரத்திலிருந்து காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாக மீட்டர் கேஜ் பாதை போட்டது. பாகாலாவில் அது பிரிந்தது. ஒரு கிளை தர்மவரத்துக்கு, இன்னொன்று சந்திரகிரி, திருப்பதி வழியாகக் கூடூருக்கு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஏழுமலையானைப் பார்க்கக் கிளம்பிய குடும்பம் இந்தப் பாதையில்தான் வந்தது. போகும்போது கோவிந்தா கோஷம், திரும்பும்போது பெட்டி நிறைய மொட்டைத் தலைகள். அத்தனை பேரையும் இழுத்த இன்ஜின்கள் தண்ணீர் குடித்து, கரி ஏற்றி, சாம்பல் கொட்டி, இளைப்பாறிய இடங்களில் ஒன்று பாகாலா லோகோ ஷெட்.

ஷெட் என்றால் கொட்டகை என்று நினைத்துவிடக் கூடாது. அது நீராவி இன்ஜினுக்குத் தாய்வீடு. இன்றைய மின்சார இன்ஜினைச் சாவி திருப்பிக் கிளப்பிவிடலாம். நீராவி இன்ஜின் அப்படியில்லை. ஆறிப்போன பாய்லரைச் சூடேற்றி நீராவி கட்ட ஆறு, ஏழு மணி நேரமாவது வேண்டும். காலை வண்டிக்கு முந்தின இரவே நெருப்பு போட வேண்டும். வந்து நின்ற இன்ஜினைச் சாம்பல் குழியின் மேல் நிறுத்தி, நெருப்பைக் கிளறி, கட்டி தட்டிய கசடை இழுத்துப் போட வேண்டும். கிளீனர்கள் காட்டன் வேஸ்டும் எண்ணெயுமாகச் சக்கரத்தைத் துடைப்பார்கள். ஃபிட்டர் சுத்தியலால் ஒவ்வொரு இடமாகத் தட்டுவார், ஓசையை வைத்தே கோளாறைச் சொல்லுவார். நாள் கணக்கு வைத்துப் பாய்லரைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே உப்புப் படியும். நம்முடையது தண்ணீருக்குத் தவிக்கிற சீமை. கோடையில் ஊர்க்கிணறு வற்றினால் ஊர் மட்டுமா கவலைப்பட்டது? ஷெட்டும் கவலைப்பட்டது.

ஒய்.பி. இன்ஜினை இங்கே எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? மீட்டர் கேஜ் பயணிகள் வண்டியை இழுத்தது அதுதான். 1949-இல் அமெரிக்காவின் பால்ட்வின் ஆலையிலிருந்து முதலில் வந்தது. பிறகு கிளாஸ்கோ, மியூனிக், கடைசியில் நம் ஜாம்ஷெட்பூர் டெல்கோ. மொத்தம் 871. பாய்லருக்குள் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு அழுத்தம். அந்த அழுத்தம் இறங்காமல், கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் குறையாமல், ஆடுகிற தட்டில் நின்று கரி வீசுவதுதான் ஃபயர்மேன் வேலை. தாத்தா சொல்லுவார்: "கரியை அள்ளிப் போடறது வேலையில்லடா. எங்க பள்ளம் விழுந்திருக்குன்னு பார்த்து அங்க போடணும். நெருப்பு பேசும், கேக்கத் தெரியணும்." சாப்பாட்டுத் தூக்கைப் பாய்லரின் பின்பக்கத் தட்டில் வைத்துவிடுவாராம். சந்திரகிரி தாண்டுவதற்குள் குழம்பு கொதிக்கும்.

இப்போது பிரிட்டனுக்கு ஒரு நடை போய் வருவோம். இந்த ஷெட்டுகளின் மூல வடிவம் அங்கேதானே? அந்த நாட்டு மனிதர்களுக்குப் பழைய இன்ஜின் ஷெட் என்றால் கண் கலங்குகிறது. 1942-இல் இயன் ஆலன் என்ற ரயில்வே அலுவலக இளைஞர், இன்ஜின் எண்களைத் தொகுத்துச் சின்னப் புத்தகம் போட்டார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு தலைமுறைப் பையன்கள் வேலி தாண்டி ஷெட்டுக்குள் நுழைந்து எண்களைக் குறித்தார்கள். 1968 ஆகஸ்டில் அங்கே நீராவிக் காலம் முடிந்தது. ஆனால் விடவில்லை. வேல்ஸில் பாரி என்ற துறைமுக ஊரின் பழைய இரும்புக் கிடங்கில் உடைக்கப்படக் காத்திருந்த இன்ஜின்களில் 213-ஐச் சாதாரண ஜனங்கள் காசு சேர்த்து மீட்டார்கள். டிட்காட்டில் 1932-இல் கட்டிய ஷெட்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். கரி மேடை, சுழல்மேடை, எல்லாம் இருக்கின்றன. இன்றும் அங்கே இன்ஜினுக்கு நெருப்பு போடுகிறார்கள்.

அவர்களுடைய ஏக்கமும் நம்முடைய ஏக்கமும் ஒன்றல்ல. அந்தப் பையன்களுக்கு ஷெட் ஓர் அதிசயம். நமக்கு அது சோறு. இதைச் சொல்லாமல் பழம்பெருமை பேசினால் என் தாத்தாவின் கைகளுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். முழங்கை வரை தழும்பு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கருப்புப் போகாது. பன்னிரண்டு மணி நேரம், பதினாறு மணி நேரம் என்று ஓடிவிட்டு வந்து, சாப்பிடாமலே திண்ணையில் தூங்கிப்போவார். 1973-இல் லோகோ ஓட்டும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதே என்று கேட்கத்தான். அடுத்த ஆண்டு மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தத்தில் நாடே நின்றது. அதற்கும் முன்னால், 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி, திருச்சி பொன்மலையில் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து ரயில்வே தொழிலாளிகள் விழுந்தார்கள். ஷெட்டின் புகைக்குள் இவ்வளவும் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அது மொழி. 1960-இல் திருத்தணி அந்தப் பக்கம், சித்தூர் இந்தப் பக்கம் என்று மாநில எல்லைக் கோடு விழுந்தது. 1977-இல் குண்டக்கல் கோட்டம் தெற்கு ரயில்வேயிலிருந்து தென்மத்திய ரயில்வேக்குப் போனது. ஷெட்டுக்குள் எந்தக் கோடும் விழவில்லை. ஃபோர்மேன் ஆங்கிலத்தில் கேட்பார், கலாசி உருதுவில் பதில் சொல்லுவார், ஃபிட்டர் தெலுங்கில் திட்டுவார், தாத்தா தமிழில் சமாதானம் செய்வார். நாம் கரி என்றதைத் தெலுங்குக்காரர்கள் பொக்கு என்றார்கள். இரண்டும் ஒரே மண்வெட்டியில்தான் ஏறின.

அந்தப் பேச்சு எங்கே போயிற்று? மீட்டர் கேஜ் தண்டவாளம் முழுவதையும் பெயர்த்தாயிற்று. அகலப் பாதையில் வண்டிகள் வேகமாகப் போகின்றன, அது நல்லதே. திருப்பதிக்கு வருகிற ஏழை யாத்திரிகனுக்கு அந்த வேகம் வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. நாட்டில் சில இடங்களில் நினைவை வைத்திருக்கிறார்கள். ஹரியானாவின் ரேவாரியில் 1893-இல் கட்டிய ஷெட்டைச் செப்பனிட்டு 2010-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நீலகிரியில் குன்னூர் ஷெட்டில் இன்றும் நீராவி இன்ஜின் மூச்சு விடுகிறது. மற்றப் பல ஊர்களில் ஓர் இன்ஜினுக்கு வர்ணம் பூசி நிலையத்து வாசலில் மேடை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகள் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் அந்த இன்ஜினுக்கு நெருப்பு எப்படிப் போட்டார்கள், பள்ளம் எங்கே விழும், சுத்தியல் ஓசையில் விரிசல் எப்படித் தெரியும் என்று அந்த இரும்பு சொல்லாது. ஷெட் என்பது இந்த அறிவுதான். அது இப்போது மீதி இருக்கிற இடம், ஓய்வுபெற்ற ரயில்வேப் பெரியவர்கள் அமர்ந்திருக்கும் இந்த முன்வரிசை.

பெரியவர்களே, உங்களில் கிளீனராகச் சேர்ந்தவர்கள் இருக்கிறீர்கள், ஃபயர்மேனாகி டிரைவரானவர்கள் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் வலப்பக்க அறையில் நாலு நாற்காலி போட்டிருக்கிறோம். ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது, காப்பி இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர், தமிழும் தெலுங்கும் எழுதத் தெரிந்தவர்கள், இரவு எவ்வளவு நேரமானாலும் உட்காருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பழைய கால்புக்கைப் போலவே நானே கோடு போட்டது. பெயர், ஷெட், இன்ஜின் எண் என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் கையெழுத்துக்கு. நான் வந்து கதவைத் தட்டியாயிற்று.