சினத்தைத் தூண்டுவதும் சிந்தையைத் தூண்டுவதும்
(விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

ஒரு சுடுசொல்லை எறிந்துவிட்டு ஒதுங்கி நிற்பவர், "நான் ஒன்றும் செய்யவில்லையே" என்பார். நம் தத்துவார்த்த சூத்திரம் இதனை ஏற்பதில்லை. உயிர் வழியாக வினை வந்து சேரும் நிலைகளை அந்நூல் 108 ஆக வகுக்கிறது. எண்ணுதல், கருவி திரட்டுதல், தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று. கோபம், மானம், மாயை, உலோபம் என நான்கு. இவற்றைப் பெருக்கினால் 108. பிறர் சினத்தைக் கிளறுவது செய்வித்தலாகும். அவ்வினை கிளறியவரையும் பற்றும். ஒருவர்க்கொருவர் துன்பத்தைக் கிளறிவிடுவது நரகரின் இயல்பு என்றும் அந்நூல் கூறுகிறது.

அங்ஙனமாயின் தூண்டுதல் யாவும் தீதோ? அன்று. நீலகேசிக் காப்பியத்தை நினைவுகூர்வோம். காளிக்கு ஆடு பலியிடுவதைத் தடுத்தவர் முனிசந்திரர். அவர் தவத்தைக் குலைக்க வந்தாள் நீலி. முதலில் அச்சுறுத்தினாள், பின்பு பெண்ணழகால் மயக்க முயன்றாள். முனிவர் அசையவில்லை, வெகுளவும் இல்லை. அவளுக்கே அறம் உரைத்தார். கெடுக்க வந்தவள் அறம் பரப்பப் புறப்பட்டாள்.

பின்னர் அவளே குண்டலகேசி முதலான பௌத்தரையும், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர் முதலியோரையும் வாதுக்கு அழைத்தாள். இதுவும் தூண்டுதலே. ஆயினும் முன்னதன் நோக்கம் குலைத்தல். பின்னதன் நோக்கம் உண்மையைத் துலக்குதல். சொல்லை எறிந்துவிட்டு அவள் ஓடவில்லை. எதிருரை கேட்டு விடை தந்தாள். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்த இந்நூல், வாமன முனிவர் உரையுடன் இன்றும் நமக்குக் கிடைக்கிறது.

இன்று நம் இல்லங்களில் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "இரவில் உண்ணலாகாது என்பது ஏன்? விளக்குத்தான் இருக்கிறதே!" சில வேளை அக்கேள்வி ஏளனமாகவும் ஒலிக்கும். அதற்குச் சினந்தால் கேள்வி அடங்கும். பிள்ளை கோயிலிலிருந்தும் விலகும். பொறுமையுடன் விடை கூறினால், நம் நோன்பின் பொருளை நாமும் மீண்டும் கற்போம். விடை தெரியாவிடில் நூலைத் திறப்போம், கற்றோரை அணுகுவோம்.

ஆகவே பெருமக்களே, பிறரைத் தூண்டும் சொல் நாவில் எழும்போது, அது மானத்தால் எழுந்ததா, அன்பால் எழுந்ததா என ஆராய்வோம். பிறர் நம்மைத் தூண்டும்போது முனிசந்திரரை எண்ணுவோம்.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!