ஆயுதசாலையில் பள்ளிக்கூடம்



அமெரிக்காவிலே, சிகாகோ நகரின் தென்பகுதியிலே ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. 1915-ல் முடிந்த எட்டாவது ரெஜிமெண்ட் ஆயுதசாலை அது. சிப்பாய் முதல் தளபதி வரை கறுப்பின மக்களைக் கொண்டே திரட்டிய படைக்காக எழுந்தது. அந்தப் படையினர் 1918-ல் பிரான்சுப் போர்முனையில் ரத்தம் சிந்தினார்கள். ஊர் திரும்பியவர்கள் கண்டது என்ன? 1919-ல் 38 உயிர்களைக் குடித்த இனக்கலவரம்!

1936 பிப்ரவரியில் அதே கட்டடத்தில் தேசிய நீக்ரோ காங்கிரஸ் கூடியது. ரயில் போர்ட்டர்களின் சங்கத் தலைவர் ராண்டால்ஃப் அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கூலியும் சம உரிமையும் அங்கே ஒரே குரலில் ஒலித்தன.

பிற்காலத்தில் கட்டடம் பாழடைந்து கிடந்தது. 1999-ல் அதைப் புதுப்பித்து, அரசாங்க ராணுவ உயர்நிலைப் பள்ளியாகத் திறந்தார்கள். சம்பளம் கட்ட வேண்டாம். ஆனால் பிள்ளைகள் ராணுவ உடுப்பணிந்து அணிவகுக்க வேண்டும்.

இடித்துத் தள்ளாமல் பள்ளியாக்கியது நல்ல காரியம்தான். ஆனால் தோழர்களே, ஏழைவீட்டுப் பிள்ளைக்கு நல்ல படிப்பு கிடைக்க ராணுவ உடுப்புத்தானா வழி? பணக்காரன் பிள்ளையிடம் இப்படி யாராவது கேட்கிறார்களா?

சுவரைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. அந்தச் சுவருக்குள் கூடிய உழைப்பாளிகளின் வரலாறும் அங்கே பாடமாக வேண்டும்!