எலியைக் காட்டிய அருங்காட்சியகம்

1969ஆம் ஆண்டு, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஓர் அருங்காட்சியகம் எலிகளைக் காட்சிக்கு வைத்தது. பாடம் பண்ணிய எலிகள் என்று நினைத்துவிடாதீர்கள். உயிரோடு ஓடித் திரிந்த எலிகள்!

அந்த நகரில் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது அனகோஸ்டியா. அன்று அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், பலர் ஏழைகள். இக்கரையில் உலகப் புகழ்பெற்ற ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் வரிசையாக நிற்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனாலும் ஏழைகள் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. ஸ்மித்சோனியனின் அன்றைய தலைவர் டில்லன் ரிப்லிக்கு இது உறுத்தியது. அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று முடிவெடுத்தார். அனகோஸ்டியாவில் கார்வர் என்ற பழைய சினிமாக் கொட்டகையை எடுத்து, அந்தப் பகுதி மக்களையும் கூட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். 1967 செப்டம்பர் 15 அன்று அங்கே அருங்காட்சியகம் திறந்தது.

இயக்குநராக வந்தவர் ஜான் கினார்ட். வயது 30. பாதிரியார், இளைஞர்களிடையே சமூகப் பணி செய்தவர். அருங்காட்சியகத் துறையில் எந்தப் பயிற்சியும் இல்லாதவர். அவரை நியமித்தது மிகச் சரியான முடிவு என்பேன். அலமாரியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், வாசலில் வந்து நிற்பவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று அவர் காது கொடுத்தார்.

வந்துபோன பிள்ளைகள் பேச்சுவாக்கில் சொன்னது எலித் தொல்லையைத்தான். அதையே கண்காட்சி ஆக்கினார்கள். ‘எலி: மனிதன் தானே வரவழைத்த துன்பம்’ என்ற பொருளில் தலைப்பு. ஒரு வீட்டுக் கொல்லையைப் போலவே அமைத்து, அதில் எலிகளை விட்டார்கள். எலி எப்படிப் பெருகுகிறது, என்ன நோயைக் கொண்டுவருகிறது, அதை எப்படி ஒழிப்பது என்று பக்கத்திலேயே விளக்கினார்கள்.

நேயர்களே, வீட்டில் எலி இருப்பதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். அது அந்த வீட்டின் மானப் பிரச்சினை. அதையே பெரிய அரங்கில், விளக்குப் போட்டு வைக்கும்போது, குறை நம் வீட்டில் மட்டும் இல்லை என்பது ஊருக்கே தெரிகிறது. குப்பை தேங்கினால் எலி பெருகும். தெருக் குப்பையை அள்ளுவது ஒரு குடும்பம் தனியாகச் செய்யும் காரியமா? ஒளித்து வைத்த சங்கடத்தைப் பொதுவில் பேசவைத்த அந்தக் காட்சியை, எந்த ஐம்பொன் சிலைக்கும் குறைவாக நான் மதிக்க மாட்டேன்.

அந்த அருங்காட்சியகம் பிறகு சிறை வாழ்க்கையையும் காட்சிக்கு எடுத்துக்கொண்டது. 1987இல் புதிய கட்டடத்துக்கு மாறியது. அனகோஸ்டியா சமூக அருங்காட்சியகம் என்ற பெயரில் இப்போதும் இயங்குகிறது.

உங்கள் மாவட்ட அருங்காட்சியகத்துக்குப் போனால், பார்வையாளர் பதிவேட்டில் ‘நன்றாக இருந்தது’ என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். ஏரி, கொசு, குடிநீர் என்று உங்கள் ஊரை வாட்டுவது எதுவோ, அதைப் பற்றி ஒரு காட்சி வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளையும் எழுதச் சொல்லுங்கள்.